நோயாளியின் வஸிய்யத்தும் நர்ஸின் கேள்வியும்

 



நோயும் அல்லாஹ்வின் நாட்டம். சுகமும் அவனுடைய நாட்டம். இதை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. காய்ச்சலோ சர்க்கரையோ வந்தால் தெருவெல்லாம் சொல்லி துஆ கேட்கின்றோம். ஆனால் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டாலோ வீட்டின் வாய் அடைபட்டுப் போகின்றது. ஊருக்குத் தெரியக் கூடாது. உறவுக்குத் தெரியக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளிக்கே தெரியக் கூடாது!

நம் புதுக்கோட்டை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம் போன்ற கடலோர ஊர்களிலிருந்தும், அறந்தாங்கி, அன்னவாசல் பக்கமிருந்தும் இந்நோய்க்காக மக்கள் தஞ்சைக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் போகின்றார்கள். மகன் துபாயிலோ மலேசியாவிலோ இருப்பான். அங்கிருந்தே தொலைபேசியில் உத்தரவு வரும்: “சிஸ்டர், அத்தாக்கிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிடுவாங்க.” அன்பினால்தான் சொல்கின்றான். ஆனால் அந்த அத்தாவோ, இரவு இரண்டு மணிக்கு, எல்லோரும் உறங்கிய பிறகு, ஊசி போட வந்த அதே சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு என்னம்மா நோவு? நான் பொழைப்பேனா?” என்று கேட்கின்றார். அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? பொய் சொல்ல மனம் வராது. உண்மை சொல்ல அனுமதி இல்லை.

இந்தச் சங்கடத்தைப் பற்றித்தான் இம்மாதம் நாம் பேச வேண்டியிருக்கின்றது. இது ஏதோ மருத்துவமனைப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடலாகாது. இதனுள்ளே ஒரு முஃமினுடைய வஸிய்யத்து அடங்கியிருக்கின்றது; அவனுடைய கடன் அடங்கியிருக்கின்றது; அவனுடைய கடைசி நேரமே அடங்கியிருக்கின்றது.

நர்ஸ் கேட்பது என்ன?

புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் நர்ஸுகளுக்கு இக்காலத்தில் ஒரு புதிய பொறுப்பு வந்துள்ளது. நோய் முற்றி, நோயாளியால் பேச முடியாமல் போகும் முன்னரே, அவரது விருப்பங்களைக் கேட்டறிந்து எழுதி வைப்பது. அவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதாம்: உங்கள் நோயைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? எதைக் கண்டு அஞ்சுகிறீர்கள்? உங்களால் பேச முடியாத நிலை வந்தால் உங்களுக்காக யார் பேச வேண்டும்? கடைசி நாட்களை மருத்துவமனையில் கழிக்க விரும்புகிறீர்களா, வீட்டிலா?

இவ்வாறு கேட்டதும் நம்மவர்களுக்குக் கோபம் வருகின்றது. “அபசகுனமாகப் பேசுகிறாளே!” என்கிறார்கள். மேலதிகாரியிடம் புகார் செய்பவர்களும் உண்டு. அபசகுனம் பார்ப்பது இஸ்லாத்தில் எங்கிருந்து வந்தது? மவுத்தைப் பற்றிப் பேசினால் மவுத்து வந்துவிடும் என்று எந்தக் கிதாபில் இருக்கின்றது?

ஹஜ்ஜத்துல் விதா ஆண்டில் மக்காவில் ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கடும் நோயுற்றார்கள். மவுத்து நெருங்கிவிட்டதென்றே கருதினார்கள். நலம் விசாரிக்க வந்த பெருமானார் (ஸல்) அவர்களிடம், தமக்குச் செல்வம் இருப்பதையும் வாரிசாக ஒரு மகளே இருப்பதையும் சொல்லி, பொருளில் மூன்றில் இரண்டு பங்கைத் தருமம் செய்யட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள் நபியவர்கள். பாதி? அதுவும் வேண்டாம். மூன்றில் ஒன்று? அதுவே அதிகம் என்று சொல்லி, வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது சிறந்தது என்றும் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்த ஹதீஸ் இருக்கின்றது.

நோயாளியின் படுக்கை அருகே நடந்த உரையாடல் இது! “ஏன் இப்போது மவுத்தைப் பேசுகிறீர்?” என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் தடுத்தார்களா? இல்லை; அமர்ந்து கேட்டார்கள்; கேட்டதற்குப் பதிலும் தந்தார்கள். வஸிய்யத்துப் பேசிய ஸஅத் (ரலி) அவர்கள் அந்த நோயில் இறந்துவிட்டார்களா? அதுவும் இல்லை. அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்கள். காதிஸிய்யாப் போரில் தளபதியாக நின்றார்கள். பல பிள்ளைகளைப் பெற்றார்கள். வஸிய்யத்து ஆயுளைக் குறைக்காது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மறைப்பது அன்பாகுமா?

நோயாளியிடம் ஆயுளைப் பற்றி ஆறுதலாகப் பேச வேண்டும் என்று திர்மிதியில் ஒரு ஹதீஸ் வருகின்றதே என்று சிலர் கேட்கலாம். அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியுள்ளனர். அதை ஏற்றுக்கொண்டாலும், ஆறுதல் சொல்வது வேறு, பொய் சொல்வது வேறு. நோயாளியின் மனத்தைக் குளிரச் செய்வதுதான் அங்கே நோக்கம்; அவரது கடமைகளை அவர் செய்ய முடியாதபடி கண்ணைக் கட்டிவிடுவதன்று.

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் கத்தியால் குத்தப்பட்டுக் கிடந்தபோது நடந்ததைக் கவனியுங்கள். மருத்துவர் வந்தார். பாலைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார். அது காயத்தின் வழியே வெளிவந்துவிட்டது. இனிச் செய்ய வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள் என்று கலீஃபாவிடமே சொல்லிவிட்டார். சுற்றியிருந்தோர் அழுதார்கள். உமர் (ரலி) அவர்களோ மருத்துவர்மீது கோபப்படவில்லை. அவர் தம்மிடம் உண்மையைச் சொன்னார் என்றும், வேறு விதமாகச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்றும் கூறினார்கள்.

அந்த உண்மையினால் கிடைத்த பயனைப் பாருங்கள். மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடன் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கச் சொன்னார்கள். அதை எப்படி அடைப்பது என்று வழி காட்டினார்கள். தம் இரு தோழர்களின் அருகே அடங்குவதற்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி கேட்கச் சொன்னார்கள். அனுமதி கிடைத்த பிறகும், ஜனாஸாவைத் தூக்கிச் செல்லும்போது மீண்டும் ஒருமுறை கேளுங்கள், மறுத்தால் பொது மையவாடியில் அடக்கிவிடுங்கள் என்றார்கள். மருத்துவர் மறைத்திருந்தால் இவற்றில் எது நடந்திருக்கும்?

ஆயினும் ஒன்று. உண்மையைச் சொல்வதென்றால் தலையில் கல்லைத் தூக்கிப் போடுவதுபோல் சொல்வதென்று பொருளல்ல. முதலில் நோயாளியைப் பேச விட வேண்டும். அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவே சொல்ல வேண்டும். “எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், என் மகனிடம் சொல்லுங்கள்” என்று அவரே கூறினால் அதுவும் அவர் விருப்பமே. அதை அவர் கூற வேண்டும். அவருக்காக நாம் கூறிவிடக் கூடாது.

நோயாளியின் சொல்லுக்கு மதிப்பு

பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி நோயில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். நபியவர்களின் வாயோரத்தில் வீட்டார் மருந்து புகட்ட முற்பட்டபோது, வேண்டாமென்று சைகை செய்தார்கள். நோயாளிகளுக்கு மருந்தென்றால் பிடிக்காதுதானே என்று எண்ணி வீட்டார் புகட்டிவிட்டார்கள். தெளிவு வந்ததும், நான் தடுக்கவில்லையா என்று நபியவர்கள் கேட்டார்கள். அங்கிருந்தோர் அனைவருக்கும் அதே மருந்தைப் புகட்டும்படி உத்தரவிட்டார்கள்; அப்போது அங்கில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டுமே விலக்கு.

இதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கின்றது. புகட்டியவர்கள் யார்? உயிருக்குயிராய் நேசித்த குடும்பத்தார். நோக்கம் என்ன? அன்பு. எனினும் அந்த அன்பு நோயாளியின் சைகையை மீறிவிட்டது. அதை நபியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. விளங்கக்கூடிய சைகை சொல்லுக்குச் சமம் என்று உலமாக்கள் இதிலிருந்து எடுத்துரைத்துள்ளனர். இன்று நம் வீட்டு உம்மா, “இனி அந்த மருந்து ஏத்த வேண்டாம், என்னை ஊருக்குக் கொண்டு போங்க” என்று வாய்விட்டே சொல்கிறார். “அவுங்களுக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர், நீங்க ஏத்துங்க” என்கிறோம்!

மார்க்கச் சட்டத்தையும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். மருத்துவம் செய்வது நல்லது, சுன்னத்தானது. ஆனால் குணம் உறுதியில்லாத சிகிச்சையை ஒருவர் விட்டுவிட்டால் அவர் குற்றவாளியாக மாட்டார் என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலை. வலிப்பு நோய் கொண்ட ஒரு பெண்மணி துஆ கேட்டு வந்தபோது, பொறுமை கொண்டு சுவனம் பெறுவதா, குணத்துக்காக துஆ செய்வதா என்று நபியவர்கள் அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் வலிப்பு வரும்போது உடை விலகுகின்றதே, அது விலகாமலிருக்க மட்டும் துஆ செய்யுங்கள் என்று வேண்டினார். நபியவர்கள் அவ்வாறே துஆச் செய்தார்கள். தன் நோயில் தனக்கு எது முக்கியம் என்று சொல்லும் உரிமை அந்தப் பெண்மணிக்குக் கிடைத்தது. நம் வீட்டுப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டாமா?

அதே வேளையில் எல்லையையும் மறக்கக் கூடாது. உயிரைப் போக்குவதற்கென்று ஊசி போடுவதும், போடச் சொல்வதும் ஹராம். அன்னிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்வதைத் தடுக்கின்றது. வேதனை தாளாமல் மவுத்தை ஆசைப்படுவதையும் நபியவர்கள் தடுத்துள்ளார்கள். ஆனால் பயனில்லை என்று தேர்ந்த மருத்துவர்கள் கூறிய சிகிச்சையைத் தொடராமல் விடுவது கொலையன்று. மூளை முற்றிலும் செயலிழந்து, இனி மீளாது என மருத்துவர்கள் உறுதி செய்தபின் உயிர்காப்புக் கருவிகளை அகற்றலாம் என்று 1986ஆம் ஆண்டு அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி தீர்மானித்தது. மற்ற நிலைகளில், குறிப்பாக உணவு, தண்ணீர் விஷயத்தில், அவசரப்படாமல் மருத்துவரையும் ஆலிமையும் சேர்த்துக் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

நாட்டுச் சட்டமும் இதற்கு வழி செய்துள்ளது. 2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, புத்தி சுவாதீனமுள்ள வயது வந்த எவரும், தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்னதாகவே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரி 24இல் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். தம்மால் முடியாதபோது தமக்காக முடிவு சொல்பவர்களின் பெயரையும் அதில் எழுத வேண்டும். அப்படியும் உடனே கருவியை அகற்றிவிட மாட்டார்கள்; இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும். உயிர் போக்கும் ஊசிக்கு இந்தத் தீர்ப்பு இடம் தரவில்லை. எழுதியவர் மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் அதை ரத்துச் செய்துகொள்ளலாம்.

வலியைப் பொறுத்துத்தான் ஆக வேண்டுமா?

“வலி பாவத்துக்குப் பரிகாரம், மார்ஃபின் வேண்டாம், அது போதைப் பொருள்” என்று சொல்லும் வீடுகளும் உண்டு. நோய் பாவங்களை உதிர்க்கும் என்பது உண்மையே. அதற்காக வலியைத் தேடி வைத்துக்கொள்ளும்படி மார்க்கம் பணிக்கவில்லை. உறுப்பைத் துண்டிக்க நேரும்போது அறிவை மறைக்கும் மூலிகையை உட்கொள்ளலாமா என்று நம் ஃபிக்ஹு நூல்கள் அன்றே ஆராய்ந்து, தேவைக்கு ஆகும் என்று கூறியுள்ளன. மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுக்கும் மார்ஃபின் ஹராமாகாது. ஆனால் கலிமாச் சொல்லவும் பிள்ளைகளோடு பேசவும் சிறிது தெளிவு வேண்டுமென நோயாளி விரும்பினால், அதை நர்ஸிடம் முன்னதாகச் சொல்ல வேண்டும். மருந்தின் அளவையும் நேரத்தையும் மருத்துவர் இயன்றவரை அதற்கேற்ப அமைப்பார்.

எழுத வேண்டியவை

வஸிய்யத்துச் செய்வதற்குரிய பொருள் உள்ள முஸ்லிம், அது எழுதப்படாமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்னும் கருத்துப்பட இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக ஹதீஸ் வந்துள்ளது. சுகமாய் இருப்பவருக்கே இந்த அவசரம் என்றால் நோயாளிக்கு எவ்வளவு!

ஆகவே நர்ஸ் வந்து கேட்கும் நாளை வஸிய்யத்தின் நாளாக ஆக்கிக்கொள்ளுங்கள். அவர் தாளில் சிகிச்சையைப் பற்றி எழுதுவார். நாம் நம் தாளில் இவற்றை எழுதுவோம்: கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய கடன், அடகில் இருக்கும் நகை, அது யாருடைய நகை, சீட்டுப் பணம், கடைக் கணக்கு, மனைவிக்குக் கொடுக்காத மஹர், பிறர் வைத்த அமானிதம், விடுபட்ட நோன்பின் ஃபித்யா, நிறைவேறாத ஹஜ்ஜு, ஜகாத் பாக்கி, மனம் புண்படுத்தியவர்களிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு. ஜனாஸாவைக் குளிப்பாட்டுவது யார், எங்கே அடக்குவது என்பவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டு விஷயங்களில் எச்சரிக்கை தேவை. வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத்துச் செல்லாது. வாரிசுக்கு வஸிய்யத்துச் செய்தால் மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் செல்லும். மேலும், மரண நோயில் கொடுக்கும் அன்பளிப்பும் வஸிய்யத்தின் சட்டத்துக்கு உட்பட்டதே. கடைசி வாரத்தில் ஒரு மகன் பெயருக்கு வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு சகோதரிகள் பல்லாண்டு நீதிமன்றம் ஏறும் கொடுமைக்குக் காரணம், பேச வேண்டிய காலத்தில் பேசாததுதான்.

நர்ஸுகளுக்கு நாம் செய்ய வேண்டியது

அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரலி) அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. காயம்பட்டோருக்கு மருந்திடுவது அவர்களின் தொண்டு. மஸ்ஜிதுந் நபவியிலேயே அவர்களுக்குக் கூடாரம் இருந்தது. நர்ஸின் பணியை நம் மார்க்கம் வைத்திருக்கும் இடம் அது, பள்ளிவாசலின் உள்ளே!

இன்று புற்றுநோய்ப் பிரிவில் நிற்கும் சகோதரி பிற சமயத்தவராக இருக்கலாம். ஹிஜ்ரத்தின் வழிகாட்டியாகக் குறைஷிகளின் மதத்திலிருந்த ஒருவரையே நம்பி அமர்த்திய நபியின் உம்மத்து நாம். அவருக்கு நம் ஃபிக்ஹு தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். மருத்துவர் நோயின் நிலையைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதைக் கேட்டு நோயாளி இரவெல்லாம் விழித்துக் கிடப்பதைப் பார்ப்பவர் நர்ஸ்தான். ஒரே இரவில் பல படுக்கைகளைக் கவனிப்பவர், பேசுவதற்கு நேரமில்லாதவர், பேசினாலோ குடும்பத்தின் கோபத்துக்கு ஆளாகின்றவர். மருத்துவமனை அவருக்குப் பயிற்சியும் நேரமும் மருத்துவரின் துணையும் தர வேண்டும். நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியவையும் சில உண்டு.

நோயாளியோடு தனியே பேச நர்ஸை அனுமதியுங்கள். ஆளுக்கொன்று சொல்லாமல், நோயாளி நம்பும் ஒருவரைக் குடும்பத்தின் சார்பில் பேசச் செய்யுங்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் அவர் வழியாகவே பேசட்டும். ஐந்து வேளைத் தொழுகை நேரத்தையும், நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழுவார் என்பதையும், சிறுநீர்க் குழாயோ வயிற்றில் பையோ இருந்தாலும் தொழுகை கூடும் என்பதையும் சொல்லிவையுங்கள். பெண்களுக்குப் பெண் நர்ஸே துடைத்துவிட வேண்டும் என்பதையும், சகராத் நேரத்தில் கிப்லாப் பக்கம் திருப்பி, மெதுவாகக் கலிமாச் சொல்லிக்கொடுக்க இடம் வேண்டும் என்பதையும் முன்னதாகவே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி நிமிடத்தில் கூச்சலிட்டுக் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆலிம்களாகிய நமக்கும் இதில் கடமை உண்டு. மவுத்தான பிறகு தல்கீன் ஓதப் போவதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. மஹல்லாவில் புற்றுநோயாளி இருந்தால், பேச முடிகின்ற காலத்திலேயே இமாம் போய்ப் பார்க்க வேண்டும். வஸிய்யத்து எழுத உதவ வேண்டும். “மருத்துவத்தை நிறுத்தினால் பாவமாகுமா?” என்ற கேள்விக்கு, தயங்கும் பிள்ளைகளிடம் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் இல்லாததால்தான் பாரமெல்லாம் நர்ஸின் தலையில் விழுகின்றது.

வீட்டிலும் வழியுண்டு

கடைசி நாட்களை வீட்டில் கழிக்க விரும்பும் நோயாளியைக் கைவிட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுக்கையிலிருப்போரை வீட்டுக்கே வந்து பார்க்கும் வலி தணிப்புச் சேவையும் சேர்ந்துள்ளது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்புப் பணி, நம் சமுதாயத்தார் மிகுதியாக வாழும் மலப்புரம் மாவட்டத்தில் ஊராரின் பணியாகவே மாறியது. படித்தவரும் படிக்காதவரும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, நர்ஸுகளோடு வீடு வீடாகச் செல்கிறார்கள். நம் ஜமாஅத்துகளால் ஏன் முடியாது?

நம் புதுக்கோட்டை மண்ணில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்ணால் கண்டவர். அந்தத் துயரம் அவர் உள்ளத்தில் கிடந்து, 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. ஒரு நோயாளியின் அருகே அமர்ந்து அவர் துன்பத்தைக் காது கொடுத்துக் கேட்பது எத்தனை பெரிய நன்மைக்கு வித்தாகும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

ஆகவே, அன்பர்களே! அடுத்த முறை ஒரு சிஸ்டர் கையில் தாளோடு வந்து, “பாட்டிம்மா, உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டால், அவரை வெளியே போகச் சொல்லாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். நம் பெரியவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.

வல்ல ரஹ்மானே! நோயுற்றோர் அனைவருக்கும் நிறைந்த ஷிஃபாவை அளிப்பாயாக! தவணை வந்துவிட்டோருக்குக் கடனில்லாத, மனக்குறையில்லாத, கலிமாவோடு கூடிய நல்ல முடிவைத் தந்தருள்வாயாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் கைகளுக்கு நல்ல கூலியையும் நேர்வழியையும் அருள்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்!